எரிந்த பள்ளிக்கூடம் என்னுடையதல்ல

என் மகள் ஆரணி சாப்பாட்டு மேசையில் ஒரு சிவப்புத் துணி முடிச்சைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு எலுமிச்சங்காய் அளவுதான் இருக்கும். வைத்த பிறகு, பிழை விட்டவள்போல அதைத் திரும்ப எடுத்து, இரண்டு கைகளிலும் ஏந்தி என்னிடம் நீட்டினாள்.

நான் புட்டுக்குள் கத்தரிக்காய்க் குழம்பை விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தேன். விரலெல்லாம் குழம்பு.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ அப்பா. இது சீரியஸ்."

கழுவிக்கொண்டு வந்து, ஈரத்தைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினேன். துணியை அவிழ்க்கத் தேவையிருக்கவில்லை. மூக்குக்குத் தெரிந்துவிட்டது. புகையிலை.

அடுப்படியில் நின்ற பவானி எட்டிப் பார்த்தாள். பவானி என் மனைவி. "என்னடி இது? பத்து வருசமாச் சண்டை பிடிச்சு இந்த மனுசனைச் சிகரெட் விடப்பண்ணினது நான். நீ இப்ப சுருட்டுப் பழக்கிறியோ?"

"அம்மா, பிளீஸ்."

ஆரணி ஆரம்பப் பள்ளி ஆசிரியை, இப்போது தனியாக வேறு வீட்டில் இருக்கிறாள். கனடாவில், மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான் அவளுடைய பள்ளிக்கூடம். படிப்பித்துக்கொண்டே ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பும் படிக்கிறாள். இந்த மண்ணின் பூர்வீகச் சனங்களின் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிப்பது, அந்தச் சனங்களைப்பற்றி மற்றப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஆசிரியர்களுக்காகவே வைத்திருக்கிற படிப்பு. அவளுடைய பல்கலைக்கழக வகுப்பில் பாதிப்பேர் பூர்வீகச் சனங்கள். அவர்களும் ஆசிரியர்கள்தான்.

"என்ர கடைசி அசைன்மென்ட், ஒரு குடும்பத்துக்குள்ள படிப்பு எப்பிடிக் கைமாறி வருது எண்டது. உங்கட கதையைத்தான் எழுதியிருக்கிறன். ஆனா கதைக்குச் சொந்தக்காரர் இருக்கினம். அவையைக் கேக்காமல் சொல்லக்கூடாது. கேக்கிறதெண்டால் இப்பிடிப் புகையிலை குடுத்துக் கேக்கவேணும். அதுதான் இந்தப் பூர்வீகச் சனத்தின்ர முறை."

"ஓ."

"வாங்கினால் ஓம் எண்டு அர்த்தம். வாங்கினவர் உள்ளதை உள்ளபடி தரவேணும்."

இதை அவள் சொன்னபோது முடிச்சு ஏற்கெனவே என் கையில் இருந்தது.

முகர்ந்து பார்த்தேன். "இது புகை போடாதது. சும்மா வெயிலில காய்ஞ்சிருக்கு."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஊரில எல்லாருக்கும் தெரியும்."

அதுவும் பொய்.

"அப்பா, ஓமோ இல்லையோ?"

"ஓம்," என்றேன்.

நீங்கள் படித்ததும் அதுதான்

இந்தப் பத்திரிகையில் கிழமைதோறும் நான் எழுதுகிற இந்தத் தொடரின் மூன்றாவது கிழமையோ நாலாவது கிழமையோ, என் பள்ளிக்கூடம் ஷெல் விழுந்து எரிந்ததைப்பற்றி எழுதியிருந்தேன். ஓலைக்கூரை பற்றி எரிந்தது, கிணற்றில் வாளி போட்டு அள்ளி ஊற்றியது, கரும்பலகை வெடித்த சத்தம், பத்தாம் வகுப்புச் சோதனை எழுத முடியாமல் போனது. வாசகர்கள் பலர் பத்திரிகைக்குத் தொலைபேசி எடுத்தார்கள். ஒரு அம்மா அழுதாராம். என் எழுத்துப்பிழைகளைத் திருத்தித் தருகிற ஆசிரியர் தம்பி, "அண்ணை, இதுவரை எழுதினதில இதுதான் திறம்," என்றார்.

அது என் கதையில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் பள்ளிக்கூடம் எரியவில்லை. இன்றைக்கும் சுண்ணாம்பு பூசி, ஓடு போட்டு அப்படியே நிற்கிறது. போன வருடம் ஊருக்குப் போன ஒருவர் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பினார். நான் அந்தப் படத்தை அழித்துவிட்டேன்.

இந்தக் கிழமை நான் வேலை செய்கிற விமான நிலையச் சமையற்கூடத்தில் நடந்த ஒரு பகிடியை எழுதுவதாக இருந்தேன். அதை எழுதப் பேனை ஓடவில்லை.

பஸ்ஸில் கேட்டது

மொன்றியலுக்கு வந்த புதிதில் நாங்கள் ஐந்து பேர் ஒரே அறையில் இருந்தோம். அதில் ஒருவர் தேவண்ணை. என்னைவிட இரண்டு வயது கூட. அவருக்கு ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. எனக்கு டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கிற வேலை. அதே வேலைதான் இன்றைக்கும்.

காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ். கண்ணாடி முழுக்க உறைபனி. தேவண்ணை நகத்தால் அதில் ஒரு சின்ன வட்டம் சுரண்டி, வெளியே பார்த்துக்கொண்டே கதை சொல்லுவார். அவர் எனக்கு நாலு பஸ் தரிப்பு முந்தி இறங்குவார். கதை முடிகிறதோ இல்லையோ மணியை அடித்துவிட்டு, "மிச்சம் பேந்து," என்று மீதியைப் பிறகுக்கு விட்டு எழும்பிப் போய்விடுவார். அவருடைய அநேகமான கதைகள் அந்தத் தொழிற்சாலை வாசலில் நின்றுபோனவைதான்.

பள்ளிக்கூடம் எரிந்த கதையையும் அப்படித்தான் ஒரு நாள் சொன்னார். கரும்பலகை வெடித்த இடத்தில் மணி அடித்தார். "மிச்சம் பேந்து."

அந்த மிச்சத்தை நான் கேட்கவில்லை.

அதற்குப்பிறகு எனக்குக் கலியாணப் பேச்சு வந்தது. பவானியின் தமையன் எங்கள் அறைக்கு வந்தார். நல்ல மனிதர். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி எதுவரைக்கும் படிச்சனீர்?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்துச் சனத்திடம் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. நாட்டை விட்டு வந்து, விமானத்தில் வைக்கிற தயிர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு இருந்தாலும் அந்தக் கேள்வி தேடி வரும்.

தேவண்ணை அன்று வேலையில். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "சோதனை எழுத விடேல்லை. பள்ளிக்கூடம் எரிஞ்சுபோச்சு."

தமையன் கோப்பையைக் கீழே வைத்தார். "ஐயோ தம்பி," என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அது எவ்வளவு இலேசாக இருந்தது என்று எனக்கு இன்றும் ஞாபகம். ஒரே ஒரு வசனம். அதற்குப்பிறகு ஒருவரும் என்னை ஐந்தாம் வகுப்பு என்று பார்க்கவில்லை. போர் படிப்பைப் பறித்த பிள்ளை என்று பார்த்தார்கள்.

ஆரணி பிறந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, ஒரு நாள் வீட்டுப்பாடம் செய்யமாட்டேன் என்று அடம்பிடித்தபோது அவளுக்கும் அதைச் சொன்னேன். அப்பாவுக்குப் பள்ளிக்கூடமே இல்லாமல் போனது, உனக்கு இருக்கிறது என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள். அவள் ஆசிரியை ஆனதற்கே அதுதான் காரணம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

தேவண்ணை ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். அங்கே ஸ்காபரோவில் வீடு குடிபுகுந்தபோது அழைத்தார். நான் போகவில்லை. ஆரணி பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு நான் அவரை அழைக்கவில்லை. என் வீட்டு வரவேற்பறையில் அவர் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்ற பயம். அவர் தொலைபேசி எடுத்தால், இல்லையென்று பவானிக்குக் கையைக் காட்டுவேன். பவானி, "அவர் வேலைக்குப் போட்டார் அண்ணை," என்பாள். கொஞ்சக் காலத்தில் அவர் எடுப்பதை விட்டுவிட்டார்.

ஆற்றின் அந்தப் பக்கம்

லாசாலில் ஆற்றங்கரைக்குப் போனால் எதிர்க்கரை தெரியும். அது கானவாகே, மொஹாக் சனங்களின் ஊர். முப்பது வருடமாக அந்தக் கரையைப் பார்த்தபடிதான் நான் நடை போகிறேன். எங்கள் ஆட்களுக்கு அந்த ஊர் என்றால் பாலத்துக்கு அங்கால் மலிவாக விற்கிற சிகரெட். நானும் அதற்காகத்தான் போயிருக்கிறேன். காரை நிறுத்தி, வாங்கி, திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது என்றோ, அதில் ஒரு கிழவி பிள்ளைகளுக்கு அவர்களுடைய சொந்தப் பாசையைப் படிப்பிக்கிறாள் என்றோ நான் நினைத்துப் பார்த்ததில்லை.

கிழவி என்று எழுதியது தெரிந்தால் ஆரணி சண்டைக்கு வருவாள். அந்தப் பெண்ணின் பெயர் லொரேன். ஆரணியின் வகுப்புத் தோழி. அறுபது தாண்டிய வயதில் மேற்படிப்புக்கு வந்திருந்தார்.

படிப்பின் கடைசி நாள் கோடைகாலத்தில் வந்தது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், மொன்றியல் தீவு முடிகிற இடத்தில், வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு மர மண்டபம். மாணவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கதைக்குரியவரைக் கூட்டிவரவேண்டும். பவானிக்கு வேலை. நான் மட்டும் போனேன். வெள்ளைச் சேட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது. கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பின்வரிசை என்று ஒன்று இல்லை. என்னைப்போலக் கூச்சப்படுகிறவன் ஒளிய ஒரு தூண்கூட இல்லை.

ஏதோ மரத்தின் இலையைக் கொஞ்சமாகக் கொளுத்திப் புகை காட்டினார்கள். அந்த மணத்தில் எனக்குத் தும்மல் வந்தது. பக்கத்தில் இருந்த பெரிய உடம்புக்காரப் பெண் சிரித்துக்கொண்டு ஒரு ரிசுக் கடதாசியை நீட்டினார். அவருடைய சப்பாத்தில் சிவப்பு மணி கோத்திருந்தது. அவர்தான் லொரேன்.

லொரேனின் முறை வந்தது. அவர் ஆங்கிலத்தில் சொல்ல, எனக்குப் புரியாத இடங்களை ஆரணி காதுக்குள் சொன்னாள்.

லொரேனின் தாய் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பிள்ளைகளைத் தூரத்து விடுதிப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றிக்கொண்டு போவார்களாம். அங்கே சொந்தப் பாசை பேசினால் அடி. போன சிலர் திரும்பவே இல்லை. ஒரு நாள் ஏற்றிப்போகிறவர்கள் தங்கள் தெருவுக்குள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், லொரேனின் அம்மம்மா பிள்ளையை உருளைக்கிழங்கு போட்டுவைக்கிற நிலவறைக்குள் இறக்கி மூடிவிட்டார். மேலே சப்பாத்துச் சத்தம். "இங்கே பிள்ளை இல்லை," என்று அவர் சொல்வது பிள்ளைக்குக் கேட்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பாசை மிஞ்சியது. லொரேன் இன்றைக்குப் படிப்பிப்பது அந்தப் பாசையைத்தான்.



நானும் ஒளித்திருந்தவன். என் தகப்பன், ஐயா, குத்தகைக் காணியில் புகையிலைப் பயிர் செய்தார். பள்ளிக்கூடம் போகுமுன் நான் புகையிலை உணர்த்துகிற குடிலுக்குள் தேங்காய்ப் பொச்சு மூட்டிப் புகை போடவேண்டும். அந்த மணத்தோடுதான் வகுப்புக்குப் போவேன். பெடியள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "புகையிலைக் கட்டு வருது," என்பார்கள். ஒரு நாள் போகாமல் விட்டேன். அடுத்த நாளும். ஐயா போகச் சொல்லவுமில்லை, மறிக்கவுமில்லை. இரண்டு கிழமை கழித்து ரீச்சர் வெயிலுக்குள் எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார். கையில் என்னுடைய பாடக் கொப்பி. நான் குடிலுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். இல்லையென்று சொல்லும்படி அம்மாவுக்குச் சைகை காட்டினேன்.

"இஞ்சை இல்லை ரீச்சர்," என்றார் அம்மா.

புகைக்குள் இருமலை அடக்கிக்கொண்டு அதைக் கேட்டேன். ரீச்சர் கொப்பியை வேலியில் செருகிவிட்டுப் போனார்.

நிலவறைக்குள் இருந்த அந்தப் பிள்ளை எதற்கு ஒளிந்தது, நான் எதற்கு ஒளிந்தேன். அந்த வட்டத்திலிருந்து எழும்பி ஓடலாம்போல இருந்தது.

அடுத்தது ஆரணி.

லொரேன் கேட்டது

ஆரணி நன்றாகச் சொன்னாள். என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. ஓலைக்கூரை, வாளி, கரும்பலகை. அந்தக் கரும்பலகை வெடித்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, என்னைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். நான் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

முடிந்ததும் சாப்பாடு. லொரேன் சோள ரொட்டியை ஒரு கடதாசித் தட்டில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்தார்.

"என்னப்பா உலகம் இது," என்றார். அவர் சொல்லச் சொல்ல ஆரணி தமிழில் சொன்னாள். "எங்கட பிள்ளையளை ஏத்திக்கொண்டுபோன பள்ளிக்கூடங்களை ஆராவது எரிச்சிருந்தால் நாங்கள் டான்ஸ் ஆடியிருப்பம். உங்களுக்கு இருந்த நல்ல ஒண்டை எரிச்சுப்போட்டாங்கள்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு அவர் கேட்டார். சும்மா, ஒரு ஆசிரியை கேட்கிற கேள்வி. "அதுக்குப் பிறகு பிள்ளையள் எங்க போச்சினம்?"

நான் ஆரணியைப் பார்த்தேன்.

"நெருப்பு எரிஞ்ச அடுத்த நாள்," என்றார். "அத்தனை பிள்ளையள். எங்க போச்சினம்? ஆர் படிப்பிச்சது?"

"தெரியாது," என்றேன். ஆங்கிலத்தில்.

லொரேன் என் கையை விடவில்லை. முகத்தை மட்டும் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து என்னைப் பார்த்தார். முப்பது நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். யார் பாடம் படிக்காமல் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரியும்போலும். கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "ரொட்டி சாப்பிடுங்கோ," என்று சொல்லிப் போனார்.

ஆரணியும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காருக்குள்

திரும்பும் வழியில் டோர்வலைத் தாண்டினோம். விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழப் பறந்து போனது.

"அப்பா, உங்களோட படிச்ச பிள்ளையள். ஒராள் ரெண்டு பேர்கூட ஞாபகமில்லையோ?"

"காரைக் கொஞ்சம் நிப்பாட்டு பிள்ளை."

ஆற்றங்கரை வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்தினாள். எதிரே அந்தக் கரை. இஞ்சின் நின்றபிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தேவண்ணையை, பஸ்ஸை, குடிலை, வேலியில் செருகிய கொப்பியை. நான் இவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்தது என் வாழ்நாளில் அதுதான் முதல்தடவையாக இருக்கும். ஆரணி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள்.

"இந்தப் படிப்புக்கு அப்ளை பண்ணேக்கை நான் எழுதின கடிதம் இருக்கெல்லே," என்றாள் கடைசியில். "அதின்ர முதல் வசனமே அதுதான் அப்பா. என்ர அப்பாவின்ர பள்ளிக்கூடம் எரிஞ்சது."

"ஓம்."

"நான் உங்களிட்டைக் கேட்டனான். முறையாக் கேட்டனான். புகையிலை தந்து கேட்டனான்."

"ஓம் பிள்ளை."

"ஓம் ஓம் எண்டு சொல்லாதேங்கோ!"

"அஞ்சாம் வகுப்பெண்டு சொல்லியிருந்தால் நான் உங்களைக் குறைவா நினைச்சிருப்பன் எண்டோ நினைச்சனீங்கள்?" என்று அவள் கேட்பாள், நான் அழலாம் என்று ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது. அவள் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. காரை எடுத்தாள்.

வீட்டில் பவானியிடம் சொன்னேன். அவள் மல்லி வறுத்துக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்தவில்லை.

"கலியாணம் முடிஞ்சு மூண்டாம் மாசமே எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"போர்ம் ஒண்டு நிரப்பினியள். பேரை எழுதேக்கை நாக்கைக் கடிச்சுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக் கீறினியள். பத்தாம் வகுப்புப் படிச்சவன் அப்பிடியோ எழுதுவான்?"

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தன். முப்பது வருசம் எடுக்கும் எண்டு நினைக்கேல்லை. அந்த மிளகாயை இஞ்சால எடுங்கோ."

ஆரணி எட்டு நாள் எங்கள் பக்கம் வரவில்லை. பேராசிரியரிடம் போய் உள்ளதைச் சொல்லி, கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். எழுதியது முழுவதும் போய்விட்டது. வேறு எழுதவேண்டும். பட்டம் ஒரு தவணை பிந்துகிறது. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கினால் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே ஒருமாதிரி இருக்கும் என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒன்பதாம் நாள் வந்தாள். உட்காரவில்லை.

"லொரேனிட்டச் சொன்னனான்."

"என்ன சொன்னா?"

"கதைக்குச் சொந்தக்காரர் உயிரோட இருக்கிறாரோ எண்டு கேட்டா. வேற ஒண்டும் சொல்லேல்லை." அவள் கார்ச் சாவியைக் கையில் உருட்டினாள். "அந்தப் புகையிலை எங்க?"

என் மேல்சேட்டுப் பையில்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் அதை வேலைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். ஏன் என்று தெரியாது.

ஸ்காபரோ

தேவண்ணையின் அடுக்குமாடிக் கதவில் மாவிலைத் தோரணம், பிளாஸ்டிக்கில். கதவைத் திறந்தவருக்கு ஒரு முழங்காலில் கட்டு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டேய் ராசன். தலைமயிர் எங்கை?"

"போட்டுது அண்ணை."

"நல்லது. நான் எனக்கு மட்டும்தான் எண்டு நினைச்சன். உள்ளுக்கு வா. இது ஆர், மகளோ? வா பிள்ளை."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும். பையிலிருந்து முடிச்சை எடுத்து, ஆரணி செய்ததுபோல இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினேன். ஆரணி அந்த முறையை அவருக்கு விளங்கப்படுத்தினாள்.

"வாங்கினால் ஓம் எண்டு அர்த்தமோ?" என்றார் தேவண்ணை. "அப்ப கொஞ்சம் பொறு. அதை மேசையில வை. முதல் விசயத்தைச் சொல்லு."

"அண்ணை, உங்கட பள்ளிக்கூடத்தை நான் எடுத்திட்டன்."

"தெரியும்."

சோபாவுக்குப் பக்கத்தில் பழைய பத்திரிகைகள் அடுக்கியிருந்தன. இந்தப் பத்திரிகை.

"முதலாம் கிழமையிலயிருந்து வாசிக்கிறன். கிணறு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால எண்டு எழுதியிருந்தாய். பின்னால இல்லையடா. முன்னால, படலையடியில."

"ஒரு போன் எடுத்துப் பேசியிருக்கலாமே அண்ணை."

"எத்தினை தரம் எடுக்கிறது? எடுத்தால் உன்ர மனுசி, அவர் வேலைக்குப் போட்டார் எண்டு சொல்லும். ஞாயிற்றுக்கிழமையும் வேலை, நத்தாருக்கும் வேலை. இவன் ஒருத்தன்தான் கனடாவுக்கே சாப்பாடு கட்டுறான் எண்டு நினைச்சன்."

ஆரணி சிரித்துவிட்டாள். அந்தக் கோடையில் அவள் சிரித்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

தேவண்ணை சிரிக்கவில்லை. "எடுத்ததுக்குக் கோவமில்லை எண்டு சொல்லமாட்டன். ஆனா எனக்கு விளங்காதது ஒண்டு. நீ ஏன் எரிஞ்சதோட நிப்பாட்டினனி?"

"நீங்கள் அதோட இறங்கிட்டீங்கள்."

அவர் யோசித்தார். "மணி அடிச்சிட்டனோ?"

"ஓம் அண்ணை."

"மிச்சத்தைப் பேந்து கேட்டிருக்கலாமே. ரெண்டு வருசம் ஒரே அறையில கிடந்தனாங்கள்."

நான் பதில் தேடினேன். நல்ல பதில்கள் இரண்டு மூன்று நாக்கு வரைக்கும் வந்தன. ஆரணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எரிஞ்சது வரைக்கும்தான் எனக்குத் தேவைப்பட்டது," என்றேன்.

தேவண்ணை குனிந்து முடிச்சை எடுத்தார். அவிழ்த்து, ஒரு இணுக்கு எடுத்து, என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது நல்லதோ? நீ குடிலில நிண்டவன். உனக்குத்தான் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அது எப்பிடி உங்களுக்கு?"

"நீதானே பஸ்ஸில சொன்னனி. நான் பள்ளிக்கூடம் எரிஞ்சதைச் சொல்ல, அடுத்த நாள் நீ ரீச்சர் கொப்பியோட வந்ததைச் சொன்னனி. வேலியில செருகிப்போட்டுப் போனதை. மறந்துபோனியோ?"

மறந்தேபோயிருந்தேன்.

"நான் அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை," என்றார். "என்ர மனுசிக்குக்கூட. அது உன்ர கதை எண்டு."

எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சுவரில் ஒரு நாட்காட்டி. அதைப் பார்த்தேன்.

அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். தேவண்ணை புகையிலையைத் திரும்ப முடிந்து தன் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அந்தக் கதையை, கரும்பலகை வெடித்த இடத்திலிருந்து கடைசி வரைக்கும் சொன்னார். ஆரணி பேனையைக் கையில் எடுத்திருந்தாள். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிட்டாள். தேத்தண்ணி ஆறிப்போனது. இறங்குவதற்குத் தரிப்பு ஒன்றும் இல்லை. நான் முழுவதையும் கேட்டேன்.

கதவடியில் நின்று சப்பாத்துப் போடும்போது கேட்டேன். "அண்ணை, பேப்பரில நான் திருத்தி எழுதவேணும். எதை எழுதலாம்?"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"ஒரே ஒரு வசனம் தாறன். அதை எழுது. மிச்சம் என்ர."

அந்த ஒரு வசனம் இது. பள்ளிக்கூடம் எரிந்து மூன்றாம் நாள், அந்தப் பிள்ளைகள் கோயில் வீதி வேப்பமரத்துக்குக் கீழே இருந்து படித்து, அந்த வருடமே சோதனை எழுதினார்கள்.